அரசரை அழவைத்த படம்

முன்னொரு காலத்தில், தம்மை அழவைத்த ஓவியத்தின்மேல் குற்றம் சாட்டிய அரசர் ஒருவர் இருந்தார்.

அவருக்கு இளவழுதி என்றொரு தம்பி. ஏதோ அற்பச் சண்டையில் அவனை நாடு கடத்தினார். போன இடத்தில் காய்ச்சல் கண்டு அவன் செத்துப்போனான். செய்தி வந்தபோது அரசர் அழவில்லை. அதன்பின் அரண்மனையில் அவன் பெயரை யாரும் எடுக்கவுமில்லை.

ஒரு விழா நாளில் திருமேனி என்ற ஓவியரை விகடகவி ஆவுடையான் சபைக்கு அழைத்து வந்தான். ஓவியர் சீலையில் தாம் தீட்டிய படத்தை விரித்தார். கோட்டை வாசலில், குதிரைமேல் இளவழுதி! அரசர் சபை நடுவே தேம்பித் தேம்பி அழுதுவிட்டார். அழுகை ஓய்ந்ததும் வெட்கம் வந்தது, வெட்கம் கோபமானது.

"இது சூனியம், அரசே!" என்றார் அமைச்சர் தாண்டவராயர். ஆவுடையானைக் கவிழ்க்க வெகுநாளாகக் காத்திருந்தவர் அவர். "சாயத்தில் மருந்து கலந்திருக்கிறார்கள். கூட்டி வந்தவனுக்கும் பங்குண்டு."

"சூனியம் இல்லையென்று நிரூபி," என்று ஆவுடையானிடம் உறுமினார் அரசர். "முடியாவிட்டால் ஓவியன் கை போகும். நீ நாட்டை விட்டே போவாய்."

ஆவுடையான் படத்தின் ஓரத்தைப் பிழிந்து, அடியில் கிண்ணம் பிடித்துப் பார்த்தான்.

"ஒரு சொட்டு இல்லை, அரசே. போகட்டும், மருந்தென்றால் எல்லார் கண்ணையும் கலக்குமே! அமைச்சர் பெருமான் கொஞ்சம் இப்படி நிற்கட்டும்."

அழாவிட்டால் தம் பேச்சு பொய்யாகிவிடும். தாண்டவராயர் மூக்கை உறிஞ்சினார், கண்ணைக் கசக்கினார், தொடையைக்கூடக் கிள்ளிக்கொண்டார். கண் வறண்டே கிடந்தது.

"என்ன தெரிகிறது, பெருமானே?"

"ஒரு வாலிபன்... ஒரு குதிரை. குதிரைக்குப் பின்னங்கால் கொஞ்சம் குட்டை."

அரசருக்குச் சிரிப்பு பீறிட்டது. "குதிரைக்குக் கால் இருந்ததையே நான் கவனிக்கவில்லையே!"

"அவர் சாயத்தைப் பார்த்தார், அரசே. தாங்கள் தம்பியைப் பார்த்தீர்கள். மருந்து சீலையில் இல்லை."

அரசர் தம் முத்துமாலையைக் கழற்றி ஆவுடையானுக்குப் போட்டார். ஓவியருக்குப் பட்டு போர்த்தினார். சபை கலைந்தது.

அரசர் மட்டும் எழவில்லை. கண்ணீர் மறைக்காமல் இப்போதுதான் படத்தை நிதானமாகப் பார்த்தார். குதிரைமேல் இருந்தவன் கழுத்தைத் திருப்பி, மேலே அரண்மனை மாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"போகும்போது நிஜமாகவே திரும்பிப் பார்த்தானா?" என்று படத்தைச் சுருட்டக் காத்து நின்ற ஓவியரிடம் கேட்டார்.

"பார்த்தாருங்க, மகாராஜா. நான் வாசல்லதான் நின்னேன். ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தாரு."

அன்று அந்த மாடத்துக் கதவைச் சாத்தித் தாழ் போட்டவர் அரசர்தான்.