இஞ்சினுக்குக் கதவடைப்பு

“நாலு ஆயில் சீல் மாத்தியாச்சு மேஸ்திரி. ஒண்ணை மாத்துனா இன்னொண்ணுல எண்ணெய் ஒழுகுது. இந்த வண்டிக்கு என்னதான் வேணுமாம்?”

கேட்டவர் சிங்காரவடிவு. வயது அறுபத்திரண்டு. மில் தொழிலாளர் சங்கத் தலைவர். நாலு தடவை சிறை. படிப்பெல்லாம் எட்டுப் பக்கப் பிரசுரங்களில். சங்கத்தின் பழைய காரை ஓடவைக்க வேறு ஆளில்லை. அதனால் சிங்காநல்லூரில் ரெஜினாவின் ஷெட்டில் மூன்று மாதமாகத் தொழில் பழகுகிறார்.

ரெஜினாவுக்கு நாற்பது வயது. ஆனாலும் மேஸ்திரி மேஸ்திரிதான்.

அன்று மாலை ஐந்து மணிக்கு மில் வாசலில் கூட்டம். நிர்வாகத்தோடு சிங்காரவடிவு கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் மேல் ஆட்கள் கொதித்துப் போயிருந்தார்கள். தறிப் பிரிவு மொத்தமும் சங்கத்தை விட்டுப் போகப்போவதாகப் பேச்சு. ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு கார் போயாக வேண்டும்.

ரெஜினா இஞ்சினைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தார்.

“சீல் ஒழுகறதுக்கு முன்னாடி எதை அடைச்சீங்க தோழர்?”

சிங்காரவடிவு தொண்டையைச் செருமினார்.

“மேல ஒரு ஓஸ் குழாய் இருந்துச்சு. ஒரே புகை, நாத்தம். பிடுங்கிட்டு ரெண்டு பக்கமும் கட்டை வெச்சு அடிச்சேன். அப்புறம் எண்ணெய் மூடி வழியா வந்துச்சு. அதையும் கொடித்துணியால இறுக்கிக் கட்டிட்டேன்.”

ரெஜினா சிரித்துவிட்டார். “இஞ்சினுக்குக் கதவடைப்பா? அதும் நீங்களா?”

கதவடைப்பு. முதலாளி மில்லைப் பூட்டியபோது அந்தச் சொல்லை எதிர்த்துத் தொண்ணூற்று மூன்று நாள் ரோட்டில் உட்கார்ந்தவர் அவர். காது சுட்டது.

“நல்ல இஞ்சின்ல எதுக்குங்க புகை வருது? எங்கியோ கோளாறு.”

“பிஸ்டன் எவ்வளவு இறுக்கமா இருந்தாலும், வெடிக்கிறப்ப கொஞ்சம் ஆவி கீழே எண்ணெய் அறைக்கு நழுவும்.”

“எல்லா இஞ்சின்லயுமா?”

“ஓடுற இஞ்சின்ல. செத்த இஞ்சின்ல ஒண்ணும் நழுவாது.”

ரெஜினா இஞ்சினைக் கிளப்பி, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே கட்டையைப் பிடுங்கினார். பொஃப் என்று ஒரு மூச்சு. இருவர் முகத்திலும் எண்ணெய்.

“வழி இல்லைன்னா சீலைக் கிழிச்சுட்டுப் போயிரும். வழி விட்டா மேல போயி பெட்ரோலோட சேர்ந்து எரியும். வண்டிக்குத்தான் லாபம்.”

சிங்காரவடிவு குனிந்து பார்த்தார். விரட்ட வேண்டிய புகையை வேலைக்கு எடுத்துக்கொள்கிற ஏற்பாடு. எந்தப் பிரசுரத்திலும் அவர் இதைப் படித்ததில்லை. இதை யோசித்தவன் கண்டிப்பாக ஒரு தொழிலாளிதான் என்று முடிவு கட்டினார். முதலாளிக்கு இவ்வளவு பொறுமை ஏது?

ஆனாலும் விடவில்லை. தான் பிடுங்கிப் போட்ட ஓஸை எடுத்துக் காட்டினார். “அப்ப வெறும் ஓஸ் போதுமே. நடுவுல இந்த வால்வு எதுக்கு?”

“சில நேரம் இஞ்சின் எதிர்ப்பக்கமா வெடிக்கும். தீ வந்த வழியே திரும்பும். அது இந்த ஓஸ் வழியா எண்ணெய் அறைக்குள்ள போச்சுன்னா?”

“சங்கம் காலி.”

ரெஜினா ஓஸிலிருந்து வால்வைக் கழற்றினார்.

“காரைச் சொன்னேன்” என்றார் சிங்காரவடிவு.

கட்டைவிரல் அளவு வால்வு. ரெஜினா பெட்ரோலில் கழுவி அவர் கையில் கொடுத்தார்.

“ஊதுங்க.”

ஊதினார். காற்று போயிற்று.

“மறுபக்கம் திருப்பி ஊதுங்க.”

டக். மூடிக்கொண்டது.

நாக்கில் பெட்ரோல் எரிய, அவர் நிமிர்ந்தார். “பார்த்தீங்களா! தீ வந்தா இதுவும் அடைக்குது. நான் பண்ணுனதும் இதைத்தானே?”

“மறுபடி முதல் பக்கம் ஊதுங்க.”

ஊதினார். காற்று தடையில்லாமல் போயிற்று.

“தீ போயிருச்சு, திறந்திருச்சு. அதுக்குக் கறுவிக்கிட்டு இருக்கத் தெரியாதுங்க தோழர்.”

அவர் அந்த இரும்புத் துண்டைக் காதருகே வைத்துக் குலுக்கினார். டக், டக். இன்னொரு முறை குலுக்கினார்.

வால்வையும் புது ஓஸையும் அவரே மாட்டினார். இஞ்சின் சீராக ஓடியது. ஒழுக்குப் பார்க்க, சீட்டில் கட்டாகக் கிடந்த கூட்ட நோட்டீஸில் ஒன்றை உருவி ரெஜினா இஞ்சினுக்கு அடியில் தள்ளினார். கால் மணி நேரம் கழித்து எடுத்தார். ஒரு சொட்டு இல்லை.

அப்படியே படித்தார். “வரவேற்பு. தலைவர் உரை. நன்றி.” ஷெட் சுவரில் சிங்காரவடிவு ஒட்டிவைத்த பழைய நோட்டீஸ்களைத் திரும்பிப் பார்த்தார். “கடைசியில ‘தலைவர் அனுமதியுடன் இதர’ன்னு ஒண்ணு வருமே. இதுல காணோம்?”

யார் வேண்டுமானாலும் மைக்கைப் பிடித்து எதையும் கேட்கிற இடம் அது. அச்சுக்குக் கொடுக்கும்போது சிங்காரவடிவே அந்த வரியை அடித்து நீக்கியிருந்தார்.

“பேனா இருக்குங்களா மேஸ்திரி?”

நோட்டீஸ்களைப் பானெட்டின் மேல் வைத்து, ஒவ்வொன்றிலும் நன்றிக்கு மேலே எழுத ஆரம்பித்தார்: இதர.

ரெஜினா எட்டிப் பார்த்தார். “தலைவர் அனுமதியுடன்?”

“அந்தக் கட்டையைத்தான் நீங்க பிடுங்கிட்டீங்களே.”