களிமண் பலகையும் புஷ்பம் அக்காவும்

எங்க ஊர்ல சிங்காரவேலர்னு ஒரு பெரிய மனுஷன். ஈராக் பக்கத்துப் பழங்காலக் களிமண் பலகை ஒண்ணை ஏலத்துல எடுத்து வச்சிருந்தாரு. பூரா ஆப்பு ஆப்பா குத்தின எழுத்து. விருந்துக்கு யார் வந்தாலும் முதல்ல அதைப் படிச்சுக் காட்டுவாரு. கேட்டு முடிச்சாத்தான் சோறு.

காலேஜ் படிச்சுக்கிட்டே நான் அங்க அலமாரி தொடைக்கிற வேலை பார்த்தேன். ஒருநாள் விருந்தாளிங்க முன்னாடி பலகையைக் கையில எடுத்தவரு, "நீ கீறினதுல எழுத்தே அழிஞ்சுபோச்சு. உன் காலேஜுக்கு போன் போட்டு உன்னைத் தூக்க வைக்கிறேன்"னாரு.

"நான் கீறல. பலகையே கீறலாத்தானே இருக்கு"ன்னு மல்லுக்கு நின்னேன். அது இன்னும் வினையாப் போச்சு. அவரு போனை எடுத்துட்டாரு.

சாம்பார் வாளியோட காத்துட்டு நின்ன சமையல்கார புஷ்பம் அக்கா மெதுவா சொன்னாங்க: "அய்யா, நீங்கதான் அதைப் படிப்பீங்களே. ஒருதடவை படிங்க. எங்க தடுக்குதோ அதுதான் இவ அழிச்ச இடம். அப்புறம் போன் போடுங்க."

எல்லாரும் அவரையே பார்த்தாங்க. அவரும் தொண்டையைக் கனைச்சுட்டு, ராஜா வாய்க்கால் வெட்டச் சொன்ன கதையை எங்கயும் தடுக்காம கடைசிவரைக்கும் படிச்சாரு.

"போன விருந்துல கேட்டது அப்படியே இருக்குங்கய்யா. ஒரு எழுத்தும் குறையல. அப்ப இந்தப் புள்ள எதை அழிச்சா?"ன்னாங்க அக்கா.

ஒரு விருந்தாளி சிரிப்பை அடக்கத் துண்டால வாயைப் பொத்திக்கிட்டாரு. போன் சட்டைப்பைக்குள்ள போயிடுச்சு.

நான் இன்னிக்கு டிகிரி வாங்குறேன்னா அது அக்கா புண்ணியம். அன்னிக்கு சமையல்கட்டுல அவங்க கையைப் புடிச்சு அழுதேன்.

"அழுதது போதும்டி. அய்யாவுக்கு ரசம் கொண்டுபோ. பாவம், தொண்டை காஞ்சிருக்கும்"னாங்க.