பன்னிரண்டாவது கணினி

கல்குவாரி எடைமேடையில் இருபது ஆண்டு பணிபுரிந்த சூசைமாணிக்கம், 2021 ஆவணியில், லாரிகள் வராத ஒரு பிற்பகலில் சொல்லக் கேட்டது. தாம் அதைத் தம் மைத்துனரிடம் கேட்டதாக அவர் கூறினார். ஆட்களின் பெயர்கள் அவர் சொன்னபடியே உள்ளன.

*

"அவன் பொய் சொல்றான், டீச்சர்."

செருப்பைக்கூடக் கழற்றாமல் வகுப்பறை வாசலில் நின்று வைரவநாதன் இதைச் சொன்னார்.

அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. பஞ்சாலை மூடிய பிறகு, தம்மைவிடப் பதினெட்டு வயது இளையவரான ஆசிரியை ரெஜினாவிடம் மூன்று ஆண்டு கணினி கற்றவர். கற்றதைக் கொண்டு, ஒரு கல்குவாரியின் பன்னிரண்டு கணினிகளையும் பராமரித்துவந்தார்.

"உட்காருங்க, அண்ணாச்சி. யாரு பொய் சொல்றா?" என்றார் ஆசிரியை.

"கிரஷர் ஆபரேட்டர் கருப்பணன். ஆளைக் கொன்னுட்டு, ஆளே தெரியலங்கிறான்."

*

கிரஷர் என்பது பாறையை மென்று ஜல்லியாகத் துப்பும் இயந்திரம். அதன் வாய் ஓர் ஆள் இறங்கி நிற்கும் ஆழம். இயக்குபவரின் அறையிலிருந்து அந்த வாய் தெரியாது. அதற்காகவே கேமரா வைத்திருந்தார்கள். திரையில் வாய் காலியாக இருப்பதைப் பார்த்த பின்பே பொத்தானை அழுத்த வேண்டும் என்பது அங்கே விதி.

நான்கு நாளுக்கு முன், தேநீர் குடித்துவிட்டு வந்து, பத்து நாற்பதுக்குக் கருப்பணன் பொத்தானை அழுத்தினான்.

அப்போது வாய்க்குள் நின்று, சிக்கிய கல்லைக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தவன் பவுன்ராஜ். கருப்பணனின் தங்கை இருளாயியின் கணவன்.

கிடைத்ததைச் சாக்கில் கட்டி அடக்கம் செய்தார்கள்.

*

"ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை உண்டா?" என்று ஆசிரியை கேட்டார்.

"ரெண்டு வருஷமாக் கிடையாது. கிணத்துப் பங்குத் தகராறு."

"அதனால கொன்னுட்டான்."

"நான் சொல்லல, டீச்சர். கேமரா ரெக்கார்டர் சொல்லுது. பவுன்ராஜ் முழுசா ஒரு நிமிஷம் உள்ள நிக்கிறான். பதிவு பளிச்சுன்னு இருக்கு. கேமரா பார்த்திருக்கு, இவன் பார்க்கலையாம்."

"நீங்க என்ன செய்யணும்?"

"நாளைக்கு மத்தியானம் இன்ஸ்பெக்டர் வர்றார். கேமராவும் கம்ப்யூட்டரும் சரியா வேலை செஞ்சுதுன்னு நான் எழுதிக் கொடுக்கணும். எழுதிட்டேன். கையெழுத்துதான் பாக்கி."

"போட வேண்டியதுதானே."

"போட்டா அவனுக்குக் கொலைக் கேஸ்."

"பொய் சொல்றவனுக்கு அது நியாயம்தானே?"

வைரவநாதன் தரையைப் பார்த்தார்.

"நேத்து இருளாயி ரோட்டுல மறிச்சா. 'எங்கண்ணனுக்குக் கண்ணு நல்லாத் தெரியும் சார், உங்க டிவிக்குத் தெரிஞ்சுதா?'ன்னு கேட்டா. புருஷன் போயிட்டான், அண்ணன் உள்ள கிடக்கான், அவ என்கிட்ட டிவியைப் பத்திக் கேக்குறா. அதுல இருந்து கை ஓட மாட்டேங்குது."

*

"அந்தக் கம்ப்யூட்டர்ல கடைசியா என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல. அது நடக்கிறதுக்கு முந்தின நாள் சுத்தம் பண்ணினேன்."

"எதை?"

"எல்லா மெஷின்லயும் கிராபிக்ஸுக்கு ரெண்டு டிரைவர் லைப்ரரி கிடந்துச்சு. பழசு ஒண்ணு, புதுசு ஒண்ணு. ஒரே வேலைக்கு எதுக்கு ரெண்டு? பழசைப் பன்னிரண்டுலயும் எடுத்துட்டேன். தேவையில்லாதது மெஷின்ல இருக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?"

"நான்தான் சொல்லிக் கொடுத்தேன்," என்றார் ஆசிரியை.

பிறகு கேட்டார்: "பன்னிரண்டும் புது மெஷினா?"

"பதினொண்ணு புதுசு."

"பன்னிரண்டாவது?"

"அது கிரஷர் ரூம்ல இருக்கிறது. பத்து வருஷப் பழசு. ஆனா படம் வந்துச்சு, டீச்சர். நானே நின்னு பார்த்தேன். எர்ரர்னு ஒரு வரி வரல."

"எவ்வளவு நேரம் நின்னு பார்த்தீங்க?"

"ஒரு நிமிஷம் இருக்கும்."

ஆசிரியை எழுந்து வகுப்பறை விளக்கை அணைத்தார்.

"காலையில ஆறு மணிக்கு அங்க இருக்கணும். வண்டியை எடுத்துட்டு வாங்க."

*

கேமரா, படத்தைச் சுருக்கி மூட்டையாக அனுப்பும். மூட்டையை அவிழ்த்துத் திரையில் விரிப்பது கணினியின் கிராபிக்ஸ் சில்லு. அந்தச் சில்லிடம் வேலை வாங்குவது டிரைவர் லைப்ரரி. பழைய சில்லு பழைய லைப்ரரிக்கு மட்டுமே கட்டுப்படும். அது இல்லாவிட்டால் சில்லு சும்மா இருந்துவிடும். ஆயிரம் வேலைகளுக்கு நடுவே கணினியின் பிராசசர் இந்தச் சுமையையும் தானே தூக்கிக்கொள்ளும்.

யாரிடமும் சொல்லாது.

இதை வைரவநாதன் அறியாதவரல்லர். தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவர்.

*

குவாரியில் வேலை நின்றிருந்தது. காவலாளி சங்கிலியை அவிழ்த்தான்.

"சாட்சி சொல்ல வந்திருக்கீங்களா, கம்ப்யூட்டருக்குப் பேன் பார்க்க வந்திருக்கீங்களா?"

"கிரஷர் ஓடுறதுக்கு முன்னாடி மணி அடிக்குமே, அது அடிச்சுதா அன்னைக்கு?" என்று ஆசிரியை கேட்டார்.

"மணியா? அது வாயை மூடி ஒரு வருஷம் ஆச்சு, தாயி. டிவி இருக்கையில மணி எதுக்குன்னுட்டாங்க."

*

ஆறு மணிக்குக் கணினியை உயிர்ப்பித்தார்கள். ஆறு கேமராக்களின் படமும் திரையில் விரிந்தது. நடுக்கட்டத்தில் கிரஷரின் வாய்.

"பாருங்க. என்ன குறை?" என்றார் வைரவநாதன்.

ஆசிரியை திரையைவிட்டுக் கண் எடுக்கவில்லை. அணைக்கவும் விடவில்லை.

ஏழு மணி ஆயிற்று. எட்டு ஆயிற்று. கணினியின் விசிறி இரைந்துகொண்டே இருந்தது.

"அன்னைக்கும் ஆறு மணிக்குத்தான் போட்டானா?"

"அவன் எப்பவும் ஆறு மணிக்குப் போட்டுருவான். ஒழுங்கான ஆளுதான்." சொன்ன பிறகு வைரவநாதனுக்கு உதட்டைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது.

திரையின் மூலையில் கடிகாரம் ஓடியது. அவர் தம் கைக்கடிகாரத்தை அதன் அருகே பிடித்துக் காட்டினார்.

"வினாடி பிசகல, டீச்சர்."

"அந்த நேரத்தைக் கேமரா அனுப்புதா?"

"இல்ல. இந்தக் கம்ப்யூட்டரே போடுது."

"ரெக்கார்டர்? அது படத்தை விரிச்சுப் பார்க்குமா?"

"அது எதுக்குப் பார்க்கணும்? மூட்டையை வந்தபடியே அடுக்கி வைக்கும்."

ஆசிரியை தலையசைத்தார். மறுபடி திரையைப் பார்த்தார். வைரவநாதனுக்கு எரிச்சலாக வந்தது. மூன்று ஆண்டு இவரிடம் படித்ததற்கு, ஒரு காலைப் பொழுது முழுவதும் கல் குழியைப் பார்த்துக்கொண்டு உட்கார வைத்துவிட்டாரே என்று நினைத்தார்.

*

பத்து மணி முப்பத்தெட்டு நிமிடம்.

"கருப்பணன் நாற்காலியில உட்காருங்க," என்றார் ஆசிரியை.

ஐந்து நாளாக அதில் யாரும் உட்காரவில்லை. வைரவநாதன் உட்கார்ந்தார். பச்சைப் பொத்தான் வலக்கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது.

"கண்ணை எடுக்காதீங்க."

ஆசிரியை கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனார்.

*

சிறிது நேரம் கழித்துத் தொலைபேசி ஒலித்தது.

"வாய்க்குள்ள யாராவது தெரியுதா, அண்ணாச்சி?"

"யாருமில்ல, டீச்சர்."

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க."

"ஈ காக்கா இல்ல. நீங்க எங்க நிக்கிறீங்க?"

"அதை விடுங்க. படம் எப்படி இருக்கு?"

"கண்ணாடி மாதிரி இருக்கு. ஒவ்வொரு கல்லையும் எண்ணலாம்."

"வாய் காலியா இருந்தா ஆபரேட்டர் என்ன செய்வான்?"

"பொத்தானை அமுக்குவான்."

"அமுக்குங்க."

வைரவநாதன் திரையை உற்றுப் பார்த்தார். கற்கள். ஓரமாக இரும்பு ஏணி. வேறெதுவும் இல்லை. கடிகாரம் சரியாக ஓடியது.

அழுத்தினார்.

கிரஷர் அசையவில்லை.

"கரண்ட் இல்ல போலிருக்கு, டீச்சர்."

மறுமுனையில் இணைப்பு அறுந்திருந்தது.

பொத்தான் சரியாகப் பதியவில்லையோ என்று, கட்டைவிரலால் இன்னொரு முறை அழுத்தினார்.

*

திரையில், ஏணியின் மேற்படியில் ஒரு பாதம் தெரிந்தது.

நீலப் புடவையின் கரை. இன்னொரு பாதம். ஆசிரியை, சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினார். கற்களின் மேல் தடுமாறி, நிதானித்து, வாயின் நடுவில் வந்து நின்றார்.

பையிலிருந்து தொலைபேசியை எடுத்தார். காதில் வைத்தார். கேமராவை அண்ணாந்து பார்த்தார்.

உதடுகள் அசைந்தன.

ஒலி இல்லை. வைரவநாதனுக்கு ஒலி தேவைப்படவில்லை. ஒவ்வொரு கேள்வியும் எது என்று அவருக்குத் தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் தாம் என்ன பதில் சொன்னோம் என்பதும் தெரிந்தது.

கடைசியாக ஒரே ஒரு சொல்லுக்கு உதடு அசைந்தது. பிறகு ஆசிரியை தொலைபேசியைத் தாழ்த்திக்கொண்டு, குழிக்குள் அசையாமல் நின்றார். எதற்கோ காத்திருப்பவர்போல.

ஆறு மணியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்திவிட்ட படத்தின் மூலையில், கடிகாரம் மட்டும் வினாடி பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது.

வைரவநாதனின் கட்டைவிரல் பொத்தான் மேலேயே இருந்தது. அதை எடுக்க அவர் முயன்றார். வரவில்லை. இடக்கையால் பிடித்து எடுத்தார்.

*

முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தது. அவர் திரும்பவில்லை. திரையில் ஆசிரியை இன்னும் குழிக்குள்தான் நின்றிருந்தார்.

கல்தூசி படிந்த கை ஒன்று, மோட்டாரிலிருந்து முன்கூட்டியே பிடுங்கிய மூன்று பியூஸ் கட்டைகளை, ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தது.

"எத்தனை தடவை அமுக்கினீங்க, அண்ணாச்சி?"

"ரெண்டு," என்றார் வைரவநாதன்.

*

சூசைமாணிக்கம் சொன்னது இத்துடன் நின்றுவிடுகிறது. அறிக்கை கிழிக்கப்பட்டது, வேறொன்று எழுதப்பட்டது, கருப்பணன் வெளியே வந்தான், ஆனால் தங்கை வீட்டுப் படி ஏறவில்லை என்று அவர் மைத்துனர் சேர்த்துச் சொல்வதுண்டாம். ஆற்றுக்குத் தெற்கே, வைரவநாதன் இரண்டு அறிக்கைகளிலும் கையெழுத்திட்டு, எதை எடுத்துக்கொள்வது என்பதை இன்ஸ்பெக்டரிடமே விட்டுவிட்டார் என்கிறார்கள்.

மேற்குக் குவாரிகளில் இதைச் சொல்வோர் பியூஸ் கட்டைகளைக் குறிப்பிடுவதில்லை. அவர்கள் சொல்லும் கதையில் கதவு திறப்பதுமில்லை.