வெயில் படாத மணல்

ஒரு ஊர்ல செக்கச்செவேல்னு ஒரு மணல்மேடு. அதுல குழி தோண்டுற வேலைக்காரி ஒருத்தி, பேரு பிரகாசி. கிணத்துக் குழி இல்லடி, ஆதி மனுசங்க விட்டுட்டுப் போனது ஏதாச்சும் கெடக்கான்னு தேடுற குழி. ம் கொட்டு, இல்லேன்னா நிறுத்திருவேன்! ஆங், அப்படி.

ஒரு நாள் ரெண்டாள் ஆழத்துல பிரஷ்ஷால சரக் சரக்னு தூத்துறா, என்ன இருந்துச்சு? ஒரு தாடை எலும்பு! மோவாய் முன்னால துருத்திக்கிட்டு நிக்குது. குரங்குக்கு மோவாய் கெடையாது. நமக்கு முந்தி இருந்த மனுச வகைகளுக்கும் இப்படி இருந்ததில்ல. "ஏ அம்மா, இது நம்ம ஆளு!"ன்னு குழிக்குள்ளயே குதிச்சா.

அப்போ பெரிய ஆபீசர் எட்டிப் பாத்தாரு. "காலராவுல செத்த யாரோ. மழை வருது, சாயங்காலம் குழியை மூடிரணும்"னாரு. "இல்லய்யா, இது ரொம்பப் பழசு, சாயங்காலத்துக்குள்ள சாட்சி எடுத்துருவேன்"ன்னா பிரகாசி.

வயசைச் சொல்ல ஒரே சாட்சி, எலும்பு கெடந்த மணலு. அந்த மணல் இருக்கே, வெயில் பட்டா எல்லாத்தையும் மறந்துரும். மண்ணுக்குள்ள மூடிட்டா அன்னையிலருந்து கணக்கு வைக்கும். ஆய்வுக்கூடத்து இருட்டறையில மெஷின்ல வச்சா மினுக்கும். எவ்வளவு காலம் இருட்டுல கெடந்துச்சோ, அவ்வளவு மினுக்கு! ஆனா எடுக்கும்போது துளி வெளிச்சம் படக்கூடாது.

எலும்பைப் பெட்டியில வச்சு மேல அனுப்பிட்டா. மணல் எடுக்கக் கையில மூணே இரும்புக் குழாய். மொதக் குழாயை எலும்பு கெடந்த இடத்துச் சுவத்துல அடிச்சா, டொம் டொம். உருவி, மூடி போட்டு, கூட வேலை பாக்குற மாசானத்துக்கிட்ட குடுத்தா. நல்ல மனுசன், அரிசிப் பானையைத் தெறந்து பாக்குற மாதிரி, ரொம்பியிருக்கான்னு மூடியைத் தெறந்துட்டான்!

"அய்யோ, போச்சே!"ன்னு பிரகாசி தலையில அடிச்சுக்கிட்டா.

அப்புறம் ரெண்டாவது. டொம், டொம், டங்! கல்லுல மோதி வாய் கோணிருச்சு.

அப்போ பாத்து மழை, சட சட சடன்னு. சுவர் பொல பொலன்னு உதிருது. "மேல ஏறும்மா, மண்ணு சரியுது!"ன்னு ஆபீசர் கத்துறாரு. யாரு கேக்கா? மாசானம் கருப்புத் தார்ப்பாயை அவ தலைக்கு மேல விரிச்சுப் பிடிச்சான். "இந்தத் தடவை நான் கண்ணையே தெறக்க மாட்டேன், தாயி!" மூணாவது குழாய், டொம், டொம், டொம். உருவினா, மூடினா, டேப்பைச் சுத்தினா. ரெண்டு பேரும் மேல ஏறினதுதான் தாமதம், தொபுக்கடீர்னு குழியே உள்ள விழுந்துச்சு!

ம் எங்க? ஆங்.

குழாயை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிட்டு நாலு மாசம் காத்துக் கெடந்தா பிரகாசி. அப்புறம் ஒரு நாள் போன் வந்துச்சு. கேட்டா, கேட்டா, பட்டுனு கத்தினா: "அறுபதாயிரம் வருசம், மாசானம்! அறுபதாயிரம்!"

மாசானம் துண்டைத் தூக்கிப் போட்டு ஆடினான். பிரகாசி எலும்புப் பெட்டி முன்னால சம்மணம் போட்டு உக்காந்து ஓன்னு அழுதா. சந்தோஷத்துலதான். "இனிமே யாரும் உன்னைக் காலராக்காரின்னு சொல்ல மாட்டாங்க, தாயி. எங்க எல்லாருக்கும் மூத்தவ நீ"ன்னா.

அவ்வளவுதான், கதை கரையேறிருச்சு. கண்ணை மூடு.