கரட்டுத் திட்டைக் காணோம்

மேலச்சுண்டைக்கும் கீழச்சுண்டைக்கும் நடுவில் கரட்டுத் திட்டு என்று ஒரு மேய்ச்சல் நிலம் கிடந்தது. அது எங்களுடையது என்று இரண்டு ஊரும் சண்டை போட்டன. மூளையைப் பற்றி மட்டும் அவர்களுக்குள் சண்டை வந்ததில்லை. இரண்டு ஊரிலும் அது கிடையாது.

மாசாணம் மேலச்சுண்டைக்காரன். அவனுடைய ஆடுகளுக்குத் திட்டை விட்டால் வேறு புல் இல்லை. ஓட்டிக்கொண்டு போனால் கீழச்சுண்டைக்காரர்கள் கல்லெறிவார்கள். ஆடுகளுக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்ததும், "பேசித் தீத்துக்கிடுவோம்" என்று முதலில் சொன்னவன் அவன்தான். அவ்வளவு புத்தியான பேச்சை அந்த ஊர் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்கவில்லை.

மத்தியஸ்தம் பேசப் பக்கத்து ஊர்ப் பூதலிங்கத்தைக் கூட்டி வந்தார்கள். இரண்டு ஊர்க்காரர்களையும் திட்டில் உட்காரவைத்து அவர் சொன்னார்:

"பேச்சு முடியிற வரைக்கும் இங்க யாரும் புதுசா வீடு கட்டக் கூடாது. பழைய வீடு இருந்தா அது பாட்டுக்கு இருக்கட்டும். நாளைக்கழிச்சு வாறேன்."

அன்று சாயங்காலமே மேலச்சுண்டை கூடியது. ஊர்த் தலைவர் கொம்பையா தாடையைத் தடவினார்.

"புது வீடுதான கூடாதுன்னாரு? பழசுக்குத் தடையில்ல. நம்மகிட்டப் பழைய வீடு இருக்கா?"

"எங்க வீடு எங்க பாட்டன் கட்டுனது," என்றான் ஒருவன்.

"என் வீடு இடிஞ்சு விழுற அளவுக்குப் பழசு," என்றான் இன்னொருவன் பெருமையாக.

"அப்ப எல்லாத்தையும் பிரிச்சுக் கொண்டுபோய் அங்க வையுங்க."

"மாமா, அங்க வீடு வந்துட்டா என் ஆடு எங்க மேயும்?" என்றான் மாசாணம்.

"ஏலே, சமாதானத்துக்காக ஊரே வீட்டைப் பிரிக்குது. உன் ஆடு ரெண்டு நாள் வாயைக் கட்டக் கூடாதா?"

மாசாணத்துக்கு அது நியாயமாகப் பட்டது. போய் ஆடுகளின் வாயைக் கயிற்றால் கட்டினான். அவை முனகுவதைப் பொறுக்க முடியாமல் கொஞ்ச நேரத்தில் அவிழ்த்துவிட்டான். அவை கயிற்றைத் தின்றன.

கதவும் ஓலையும் செங்கல்லும் திட்டுக்குப் போயின. கோணல் சுவரைக் கோணலாகவே எழுப்பினார்கள். நேராக்கினால் புதுசாகிவிடுமே! அதைப் பார்த்த கீழச்சுண்டைக்காரர்களும் தங்கள் வீடுகளைப் பிரித்துச் சுமந்து வந்தார்கள். ஒருவன் தன் கூரையில் ஒழுகிய ஓட்டை பழைய இடத்திலேயே வரும்வரை மூன்று தடவை வேய்ந்தான்.

பூதலிங்கம் வந்தபோது சுவரோடு சுவர் ஒட்டி நின்றது. நடுவில் இருந்த ஒரு சந்தில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு நின்றார்.

"நீங்க சண்டை போட்ட நிலம் எங்கவே?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உண்மைதான், காணோம்.

"முந்தாநாள் இங்கதான இருந்துச்சு!" என்று கொம்பையா கீழச்சுண்டைக்காரர்களைப் பார்த்து அலறினார். "நீங்கதான்வே களவாண்டுட்டீங்க!"

"எங்க வீட்டுக்குள்ள வந்து பாரும். இருந்தா எடுத்துக்கிடும்!" என்றான் கீழச்சுண்டைத் தலைவன் மூக்காண்டி.

ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் புகுந்து தேடினார்கள். கட்டிலுக்கு அடியில் பார்த்தார்கள், பானைக்குள் கையை விட்டுத் துழாவினார்கள்.

பூதலிங்கத்துக்குப் பொறுமை போயிற்று. "மடப்பயலுவளா! நிலம் என் காலுக்கு அடியிலதான் இருக்கு!"

எல்லோரும் அவர் காலைப் பார்த்தார்கள்.

"அப்ப ஒளிச்சு வச்சிருந்தது நீருதானா?" என்றான் மூக்காண்டி.

பிறந்ததிலிருந்து ஒத்துப்போகாத இரண்டு ஊரும் அன்று ஒரே குரலில் கத்திக்கொண்டு அவரை எல்லை தாண்டும்வரை துரத்தின. திரும்பி வந்து கொம்பையாவும் மூக்காண்டியும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். மீட்ட நிலத்தைப் பங்கு பிரித்தார்கள். பூதலிங்கத்தின் இடக்கால் நின்ற இடம் மேலச்சுண்டைக்கு, வலக்கால் நின்ற இடம் கீழச்சுண்டைக்கு. இனி யாரும் யார் ஆட்டின் மேலும் கல்லெறியக் கூடாது.

மாசாணத்துக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. ஆடுகளை ஓட்டி வந்து இடக்கால் தடத்துக்கு முன்னால் வரிசையாக நிறுத்தினான். முதல் ஆடு குனிந்து முகர்ந்தது. பிறகு நிமிர்ந்து அவனையே பார்த்தது.

"என்னல பாக்க?" என்றான் மாசாணம். "எல்லாத்தையும் நீயே தின்னுராத. பின்னால நிக்கிறவனுக்கும் வை."