பச்சைக் குளத்துக்குப் பரிசு

ஒரு ஊர்ல ஒரு தலைவர் இருந்தாரு. பேரு பரமானந்தம். எது பச்சையா இருந்தாலும் அது பசுமைன்னு நம்புற ஆளு. மூளை அவ்ளோதான், என்ன செய்ய? ம் கொட்டுடி, அதுக்குள்ள தூங்கிட்டியா?

அதே ஊர்ல செவந்தின்னு ஒருத்தி, ஒரு சினை எருமைய வச்சுப் பொழைச்சா. எருமைக்கு மையின்னு பேரு, அவ்ளோ கருப்பு. மையி குடிக்கிறது, முங்குறது எல்லாம் ஊர்க் குளத்துலதான்.

அப்புறம், பசுமையான ஊருக்குப் பரிசு தர்றாங்கன்னு சேதி வந்துச்சு. தலைவர் மூட்டை மூட்டையா யூரியாவக் குளத்துல கொட்டிட்டாரு. வாய்க்கால் மடையையும் அடைச்சுட்டாரு. புதுத்தண்ணி வந்தா பச்சை வெளுத்துருமாம்! அப்போ வந்துச்சு பாரு பாசி, குபுகுபுகுபுன்னு. அது பொல்லாத பாசி. தண்ணிக்குள்ள விஷத்தக் கக்கும். வாயில்ல, பல்லில்ல, சத்தம் போடாம பக்கத்துல இருக்குறதையெல்லாம் சாய்ச்சுரும். ம்?

மொதல்ல தவளைச் சத்தம் நின்னுச்சு. செவந்தி தலைவர்கிட்ட ஓடுனா.

"தவளை கத்தலையே, தலைவரே!"

"பரிசு வருதுல்ல, மரியாதையா அமைதியா இருக்கு."

அப்புறம் மீனெல்லாம் வெள்ளை வயித்தக் காட்டி மிதந்துச்சு. மறுபடி ஓடுனா.

"அது மல்லாந்து வெயில் காயுது. உனக்கென்ன பொறாமை?"

அப்புறம் அந்தத் தண்ணியக் குடிச்ச வாத்துங்க தள்ளாடித் தள்ளாடி, தொப்பு தொப்புன்னு விழுந்துச்சுங்க.

"எவனோ வாத்துக்குச் சாராயம் ஊத்திட்டான். போம்மா, போ!"

செவந்தி, குளத்துப் பக்கம் போயிராம மையியக் கட்டிப் போட்டா. குழாயில சொட்டுன தண்ணிய வச்சா, எருமைக்கு அது எந்த மூலைக்கு? நாக்கு வறண்டு, "ம்ம்ம்மே"ன்னு கத்துது. வயித்துக் கன்னோட செத்துருமேன்னு செவந்தி அதோட கழுத்தக் கட்டிக்கிட்டு அழுதா, பாவம்.

அப்போ பரிசு குடுக்க ஒரு பெரிய அதிகாரியம்மா கார்ல வந்து இறங்குனாங்க. டமடமன்னு மேளம்! வந்தவங்களுக்குச் சொம்புல தண்ணி குடுக்குறது அந்த ஊர் வழக்கம். செவந்தி விறுவிறுன்னு போயி, குளத்துலயே மொண்டு நீட்டுனா.

"ஆகா, என்ன பசுமை! நானும் தலைவரும் ஆளுக்கு ஒரு வாய் குடிக்கிறோம், போட்டோ எடுங்க"ன்னாங்க அந்தம்மா. சொம்பத் தூக்கப் பாத்தாங்க. செவந்தி விடுவாளா? கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு, தலைவரையே பாத்தா.

தலைவருக்கு வேர்த்துக் கொட்டுது. "ஐயோ குடிக்காதீங்கம்மா! குடிச்ச வாத்தெல்லாம் செத்துப் போச்சு!"

மேளம் கப்புனு நின்னுச்சு.

"அப்போ அது சாராயம் இல்லையா, தலைவரே?"ன்னா செவந்தி.

அப்புறமென்ன, ஊரே போயி மடையத் தூக்குச்சு. சளசளன்னு புதுத்தண்ணி! மையி குளத்துப் பக்கம் திரும்பாம, மடை வாயிலயே மூஞ்சிய வச்சு மடக் மடக்னு குடிச்சுச்சு. கன்னும் நல்லபடியாப் பொறந்துச்சு.

பரிசா? அது பக்கத்து ஊருக்குப் போயிருச்சுடி. அங்க தலைவர் சுவருக்கெல்லாம் பச்சைப் பெயிண்ட் அடிச்சு வச்சிருந்தாரு.

எருமையும் படுத்துருச்சு, கதையும் படுத்துருச்சு. நீயும் கண்ண மூடு.