கரையை விட்டு இறங்கிய எருமைகள்

கடலில் பயறு இறைத்ததுபோல் சிதறிக் கிடந்த தீவுகளில் ஒரு தீவு. அந்தத் தீவுக்கு ஒரே ஒரு நன்னீர்க் குளம். அந்தக் குளத்துக்கு ஒரே ஒரு முதலை.

முதலை எங்கிருந்தோ நீந்தி வந்து குளத்தில் இறங்கியது. எருமைகளுக்கு மூன்று தலைமுறை கடந்துவிட்டது, அது இன்னும் வெளியே போகவில்லை. "இந்தக் குளத்துக்கு நான்தான் ராஜா. மழைக்காலம் வந்தால் எனக்கு ஒரு கன்று வரவேண்டும்" என்று சட்டம் போட்டிருந்தது. எருமைகளும் தலைவிதி என்று கொடுத்துக்கொண்டிருந்தன.

கூழைவாலி என்ற எருமைக்கு மட்டும் அந்தச் சட்டம் தொண்டையில் முள்ளாக நின்றது. சின்ன வயதில் முதலை அவளைத்தான் பிடித்தது. அவள் திமிறி ஓடிவிட்டாள், பாதி வால் முதலையின் வாயோடு போய்விட்டது. போன மழைக்காலத்தில் அவளுடைய தலைக்கன்றும் போய்விட்டது. இப்போது வயிற்றில் இரண்டாவது கன்று வளர்ந்துகொண்டிருந்தது.

"இதை நான் கொடுக்க மாட்டேன்" என்று மந்தைக்கு நடுவில் நின்று சொன்னாள்.

மந்தைத் தலைவன் வளைகொம்பன் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். நல்லவன். யார் மனமும் நோகக் கூடாது என்று நினைப்பவன். "கொடுக்காம எப்படிம்மா? குடிக்கத் தண்ணி வேணுமே" என்றான்.

"தண்ணிக்குள்ள இறங்கினாத்தானே அது நம்மள பிடிக்கும்? நாம இறங்க வேண்டாம் அண்ணே. கரையைச் சுத்தி நின்னுக்குவோம். ஒரு மான், ஒரு பன்னி உள்ளே போகக் கூடாது. ராஜா எத்தனை நாள் பட்டினி கிடப்பாருன்னு பாத்துருவோம்."

அப்படியே செய்தார்கள். மூன்று மாதம் எருமைகள் கரையைச் சுற்றிச் சுற்றி நடந்தன. காட்டு வாழைத்தண்டை மென்று நாக்கை நனைத்தன. முறை வைத்து மலைமேல் ஏறி, பாறை ஊற்றில் ஆளுக்கு ஒரு வாய் குடித்துவிட்டு இறங்கி வந்தன. குளத்து மீனெல்லாம் தீர்ந்தது. முதலைக்கு விலா எலும்பு தெரிந்தது. "நாம் பேசித் தீர்த்துக்கொள்ளலாமே" என்று ஒருநாள் அது மெல்லக் கூப்பிட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கடல் வழியாகப் புலி வந்தது.

உடம்பு சொட்டச் சொட்டக் கரையேறி, எல்லோருக்கும் தலை வணங்கியது. "முதலையின் கொடுமை பக்கத்துத் தீவு வரை கேட்கிறது, அன்பர்களே. என் மனம் பொறுக்கவில்லை. எனக்கு இந்தக் குளமும் வேண்டாம், குட்டையும் வேண்டாம். முதலையை விரட்டிக் கொடுத்துவிட்டு வந்த வழியே போய்விடுவேன்" என்றது.

வளைகொம்பனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அந்த மந்தைக்கு ஒரு வழக்கம் உண்டு. விருந்தாளி வந்தால் தண்ணீர் ஓரத்தை அவருக்கு விட்டுவிட்டு வீட்டார் பின்னால் நகர்ந்து நிற்பார்கள். விருந்தாளி குடித்து முடித்த பிறகுதான் தாங்கள் குடிப்பார்கள். இதை இரண்டே நாளில் புலி தெரிந்துகொண்டது.

"நாளைக்குச் சண்டை. உங்கள் மேல் ஒரு கீறல் விழுந்தாலும் எனக்குத் தாங்காது. கொஞ்சம் நகர்ந்து, அந்த விழுந்து கிடக்கும் மரத்துக்கு அப்பால் போய் நில்லுங்கள்" என்றது.

கூழைவாலிக்குச் சுருக்கென்றது. அண்ணனைத் தனியாக அழைத்தாள். "மூணு மாசம் நின்ன இடம் அண்ணே. இன்னும் பத்து நாள்ல முதலை தானா வெளிய வந்துரும். இப்ப எதுக்கு நகரணும்?"

"விருந்தாளி வாயைத் திறந்து கேக்குறாரு. முடியாதுன்னு முகத்துல அடிச்சாப்புல சொல்றதா?"

"சண்டைக்கு வந்தவரு விருந்தாளியா?"

வளைகொம்பன் மந்தையைப் பார்த்து, நகரச் சொல்லித் தலையை ஆட்டினான். மந்தை கரையை விட்டு இறங்கி, மரத்துக்கு அப்பால் போய் நின்றது.

மறுநாள் காலையில் சண்டை நடந்தது. அடேயப்பா, என்ன சத்தம்! புலி உறுமிற்று. முதலை வாலால் தண்ணீரை அறைந்தது. கொக்குகளெல்லாம் பறந்து போயின. உச்சிப்பொழுதில் முதலை, "தோற்றேன், தோற்றேன்" என்று கத்திக்கொண்டே கரை ஏறிக் குதித்து, அந்தப் பக்கம் இருந்த கடலோடை வழியாகக் கடலுக்குள் போய்விட்டது.

மந்தை ஆரவாரம் செய்தது. கூழைவாலி மட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதலை கடித்தால் தண்ணீர் என்ன நிறமாகும் என்பது அவளுக்குத் தெரியும். குளத்துத் தண்ணீர் சேற்று நிறத்திலேயே இருந்தது.

"முதலை போயிருச்சு, வாங்க குடிக்கலாம்" என்று எல்லோரும் ஓடினார்கள். விழுந்த மரத்துக்கு அந்தப் பக்கம் புலி நின்றது.

"நில்லுங்கள். குளத்தை ஜெயித்தவன் நான். அதனால் குளம் இப்போது என்னுடையது. வருத்தப்படாதீர்கள், உங்கள் நன்மைக்காகத்தான். ஒரு குளத்தை எப்படிக் கட்டிக் காப்பது என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் கற்றுக்கொள்ளும் வரை நான் வைத்துக்கொள்கிறேன். நாளுக்கு ஒருவராக வந்து பாடம் கேளுங்கள்."

பாடம் கேட்கப் போனவர்கள் திரும்பி வரமாட்டார்கள் என்பதைப் புலியின் வாய் ஓரத்தில் வழிந்த எச்சில் சொல்லிற்று. போதாக்குறைக்கு, அன்று சாயங்காலமே அதன் தம்பிகள் இருவர் கடலில் நீந்தி வந்து சேர்ந்தார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் கொடுக்கன் என்ற நண்டு சேற்றிலிருந்து தலையை நீட்டியது. கரை நண்டுகளுக்கெல்லாம் அதுதான் பெரியதனம்.

"கூழைவாலியக்கா, நேத்து நான் குளத்து அடியில இருந்தேன். ரெண்டும் பேசினதைக் கேட்டேன். 'புல்லு தின்கிறவர்களிடம் தோற்றேன் என்றால் மற்ற முதலைகள் முகத்தில் எப்படி விழிப்பேன்? உங்களிடம் தோற்றால் கௌரவமாக இருக்கும்'னு முதலை அழுதுச்சு. புலி ஒரு பன்னித் தொடை கொடுத்துச்சு. அதை வாங்கிக்கிட்டு முதலை குளத்தைக் கொடுத்துருச்சு. காலையில நடந்ததெல்லாம் சும்மா கூத்து."

"யார் குளத்தை யார் விக்கிறது!" என்று கூழைவாலி காலால் மண்ணைக் கிளறினாள். மூன்று மாதத் தாகமும் தலைக்கன்றும் ஒரு பன்றித் தொடைக்குப் போயின என்று நினைக்க அவளுக்கு வயிறு எரிந்தது.

வளைகொம்பன் அப்போதும் நம்பவில்லை. "ஒரு வார்த்தை கேட்டுப் பாக்குறேன்" என்று தனியாகப் போனான். விழுந்த மரத்தைத் தாண்டி ஒரே ஒரு கால் வைத்தான்.

"ஐயா, விருந்தாளி குடிச்சாச்சு. இனி வீட்டாருக்கு..."

புலி ஓங்கி அறைந்தது. வளைகொம்பனின் இடது கண் போனது. அந்த அறையில்தான் யுத்தம் மூண்டது.

மந்தை கொதித்துப்போய்ப் பாய்ந்தது. ஆனால் குளத்துக்குப் போகும் வழியில், விழுந்த மரத்துக்கும் பக்கத்துப் பாறைக்கும் நடுவே ஓர் எருமை நுழையத்தான் இடம் இருந்தது. ஒவ்வொன்றாக உள்ளே போயின. ஒவ்வொன்றுக்காகவும் புலிகள் மூன்றும் காத்திருந்தன. நான்கு எருமைகள் விழுந்த பிறகு கூழைவாலி, "திரும்புங்க, திரும்புங்க" என்று கத்தி மிச்சம் பேரை மலைமேல் கொண்டுபோனாள்.

பாறை ஊற்றுக்குப் போகும் வழியும் ஒற்றையடிதான். அதன் வாயில் இரண்டு எருமைகள் கொம்பைத் தாழ்த்தி நின்றால் போதும். புலிகள் ஒருமுறை வந்து பார்த்தன, கொம்பைப் பார்த்தன, குளமே போதும் என்று திரும்பிவிட்டன. ஊற்றோ சிறியது. ஆளுக்கு ஒரு வாய்க்கு மேல் கிடைக்கவில்லை. கூழைவாலிக்கு மாதம் நெருங்கியது. வயிற்றுக்குள் கன்று உதைக்கும்போதெல்லாம் அவளுக்குக் குளம் நினைவு வந்தது.

பத்தாம் நாள் கொடுக்கன் மூச்சு வாங்க மலை ஏறி வந்தது.

"உங்ககிட்ட ஒரு குறை சொல்லணும்க்கா. என் பாட்டன் காலத்துலேர்ந்து நாங்க கரையில வளை தோண்டுவோம். நீங்க தினம் நடந்து மிதிச்சு மூடிருவீங்க. எங்க குடும்பத்துக்கு ஒரு வீடு நிலைச்சதில்ல. இப்ப பத்து நாளா மிதிக்க ஆளில்ல. அக்கரையிலேர்ந்து இக்கரை வரைக்கும் எங்க வீடுதான்."

"நல்லதுதானே. இதுல குறை என்ன?"

"கடல் ஏறும்போது உப்புத் தண்ணி வீட்டுக்குள்ள வந்து குளத்துப் பக்கமா சொட்டுது. தரையெல்லாம் ஈரம்."

கூழைவாலி அசை போடுவதை நிறுத்தினாள்.

கடலோடைக்கும் குளத்துக்கும் நடுவே இருப்பது அந்த மண்கரை ஒன்றுதான். அது கெட்டியாக நின்றது எதனால்? முதலையாலா? அது ஒரு பிடி மண்ணும் போட்டதில்லை. மந்தை காலையில் நடந்தது, மாலையில் புரண்டது, முதலையை முற்றுகையிட்ட மூன்று மாதமும் சுற்றிச் சுற்றி நடந்தது. அத்தனை குளம்பும் சேர்ந்துதான் இத்தனை காலம் கடலைத் தள்ளி நிறுத்தியிருக்கிறது. இது யாரும் யாருக்கும் கற்றுக்கொடுத்த வேலை இல்லை. அவர்களே அதை ஒரு வேலையாக நினைத்ததும் இல்லை.

"கொடுக்கா, அமாவாசைக்கு எத்தனை நாள் இருக்கு?"

"ஆறு நாள்."

"அதுக்குள்ள உன் சனம் முழுசும் சேர்ந்து எவ்வளவு பெரிய வீடு வேணும்னாலும் தோண்டிக்கோ. நாங்க ஒருத்தரும் மிதிக்க மாட்டோம்."

மந்தையில் ஒரு கிழட்டு எருமை அழுதே விட்டது. "நம்ம குளம்டி. அதுல நாமளே உப்பு விடுறதா?"

கூழைவாலிக்கும் கண் கலங்கியது. "புலி குடிக்கிற வரைக்கும் அது நம்ம குளம் இல்ல பெரியம்மா. கரை நம்ம கால்ல இருக்கு. உப்பை எப்படி வெளிய அனுப்புறதுன்னு மழைக்குத் தெரியும்."

ஒற்றைக் கண்ணால் தங்கையையே பார்த்துக்கொண்டிருந்த வளைகொம்பன் எழுந்து வந்தான். "அன்னிக்கு உன் பேச்சைக் கேக்கல. இன்னிக்கு நீ சொல்லு, மந்தை கேக்கும்" என்றான்.

ஆயிரம் நண்டுகள் ஆறு நாள் தோண்டின. அமாவாசையன்று நடுப்பகலில் கடல் எப்போதையும்விட உயரமாக ஏறியது. கரை சல்லடையாகக் கிடந்தது. உப்புத் தண்ணீர் நூறு வாயால் குளத்துக்குள் கொட்டியது.

சாயங்காலம் புலி வந்து ஒரு வாய் குடித்தது. துப்பியது. தம்பிகளை அழைத்தது. அவர்களும் குடித்துத் துப்பினார்கள்.

முதல் நாள் புலிகள் வீறாப்பாக இருந்தன. இரண்டாம் நாள் இலையில் கிடந்த பனித்துளியை நக்கின. மூன்றாம் நாள் பாறை வழிக்கு வந்து மோதிப் பார்த்தன. கொம்புக்குத்து வாங்கிக்கொண்டு இறங்கின. நான்காம் நாள் பெரிய புலி மலையடிவாரத்தில் நின்று அண்ணாந்து கத்தியது. குரல் பிசிறடித்தது.

"ஏய் எருமைகளே! குளம் கெட்டுப்போகிறது! உடனே இறங்கி வந்து கரையைச் சரி செய்யுங்கள்! இது என் உத்தரவு!"

கூழைவாலி பாறை விளிம்புக்கு வந்து பணிவாகத் தலையை ஆட்டினாள்.

"எங்களுக்குக் குளத்தைக் கட்டிக் காக்கத் தெரியாதே, ஐயா. நீங்கதானே கற்றுக்கொடுக்கிறேன்னு சொன்னீங்க? முதல் பாடத்தை நடத்துங்க. நாங்க இங்கேருந்தே பாத்துக் கத்துக்கிறோம்."

மலை முழுவதும் சிரித்தது. மூன்று மாதத் தாகத்துக்கும், விழுந்த நால்வருக்கும், போன கண்ணுக்கும் சேர்த்து மந்தை வயிறு குலுங்கச் சிரித்தது. புலி சிவந்த கண்ணோடு கரையைப் பார்த்தது. ஒரு பாதத்தால் நண்டு வளை ஒன்றை அடைத்தும் பார்த்தது. கொடுக்கன் அதன் விரலைக் கவ்விவிட்டுப் பக்கத்து வளை வழியாக வெளியே போய்விட்டது.

"இப்ப இறங்குவோம்" என்றாள் கூழைவாலி.

இந்த முறை மரத்துக்கும் பாறைக்கும் நடுவே யாரும் நுழையவில்லை. மந்தை முழுவதும் தோளோடு தோள் சேர்ந்து, அந்த விழுந்த மரத்தையே கொம்பால் புரட்டித் தள்ளிக்கொண்டு போனது. ஒற்றைக் கண்ணன் வளைகொம்பன் முதலில் தள்ளினான். வறண்ட நாக்கோடு நின்ற புலிகளுக்கு உருண்டு வந்த மரத்தைத் தாண்டவும் தெம்பில்லை. அவை கரை ஓரம் வரை பின்வாங்கின, ஓடையில் விழுந்தன, கடலைப் பார்த்து நீந்தின. மரமும் அவற்றின் பின்னாலேயே மிதந்து போனது.

மறுநாள் காலையில் கூழைவாலி கன்று ஈன்றாள். வாலில் ஒரு குறையும் இல்லாத கிடாரி. அது எழுந்து நின்று தள்ளாடித் தள்ளாடி வைத்த முதல் நடை கரைமேல்தான்.

அந்த மழைக்காலம் முழுவதும் மந்தை கரையை மிதித்தது. மழை பெய்து, குளம் நிரம்பி வழிந்து, கொஞ்சம் கொஞ்சமாக உப்பு வெளியேறியது. அடுத்த மழைக்காலத்தில் தண்ணீர் பழையபடி இனித்தது. நண்டுகளுக்கு ஓடைப் பக்கச் சரிவு முழுவதையும் விட்டுக்கொடுத்தார்கள். அங்கே எந்தக் குளம்பும் படாது என்று பேச்சு. முதலை மட்டும் தூரத்துக் கடலில் மற்ற முதலைகளிடம், "நான் தோற்றது ஒரு புலியிடமாக்கும்" என்று பெருமை பேசிக்கொண்டிருந்ததாம்.

விருந்தாளிகள் இன்றும் அந்தத் தீவுக்கு வருகிறார்கள். முதல் வாய் தண்ணீர் இன்றும் அவர்களுக்குத்தான். அவர்கள் குடிக்கும்போது எருமைகள் மட்டும் கரைமேலேயே நிற்கின்றன.

நம் எதிரியோடு சண்டை போட வந்தவனுக்கு நன்றி சொல்லலாம், தண்ணீரும் கொடுக்கலாம், ஆனால் அவன் பேச்சைக் கேட்டு நம் கரையை விட்டு மட்டும் இறங்கக் கூடாது.